களையை வளரவைத்துக் கொல்லும் மருந்து நம் செல்களை என்ன செய்யும்?

கேள்வி: எனக்கு வயது 42. பல ஆண்டுகளாகக் களைக்கொல்லி தெளிக்கும் வேலை செய்கிறேன். 2,4-டி, கிளைபோசேட் இரண்டும் அடிப்பேன். 2,4-டி களையைத் தாறுமாறாக வளரவைத்துத்தான் கொல்கிறது என்று படித்தேன். புற்றுநோயும் செல்கள் தாறுமாறாக வளர்வதுதானே? ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளட்டுமா?

பதில்: நீங்கள் படித்தது சரி. 2,4-டி, செடியின் வளர்ச்சி ஹார்மோனான ஆக்சினைப் போல வேலை செய்கிறது. அகன்ற இலைக் களைகள் கட்டுப்பாடின்றி வளர்ந்து, முறுக்கிக்கொண்டு சாகின்றன. ஆனால் ஆக்சினின் கட்டளையை வாங்கிக்கொள்ளும் ஏற்பி மனித செல்லில் கிடையாது. கிளைபோசேட் முடக்கும் நொதியும் நம் உடம்பில் இல்லை. எனவே களை சாகும் விதத்தில் நமக்குப் புற்றுநோய் வராது.

அதற்காகப் பயமே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். இந்த மருந்துகள் செல்லுக்குள் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை (செல்லைத் தாக்கும் வேதிப்பொருள்கள் அளவுக்கு மீறிச் சேர்வதை) உண்டாக்கலாம் என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டுகின்றன. அது டிஎன்ஏவைப் பழுதாக்கக்கூடியது. பெரும்பாலான பழுதுகளைச் செல்லே சரிசெய்துவிடும்; முடியாதபோது தன்னையே அழித்துக்கொள்ளும். தப்பிய பழுதுகள், வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மரபணுக்களில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தால்தான் புற்றுநோய். அதற்குப் பல ஆண்டுகள் ஆகும்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் கிளைபோசேட்டை 2ஏ பிரிவிலும் (புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பு அதிகம்), 2,4-டியை 2பி பிரிவிலும் (உண்டாக்கலாம்) வைத்தது. ஒரு பொருளால் புற்றுநோய் வர முடியுமா என்பதைத்தான் இந்தப் பிரிவுகள் சொல்கின்றன. உங்களுக்கு எவ்வளவு ஆபத்து என்பதை அல்ல. அதே ஆண்டு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், கிளைபோசேட்டால் புற்றுநோய் வர வாய்ப்பு குறைவு என்றது. அமெரிக்காவில் 54,000க்கும் மேற்பட்ட தெளிப்பாளர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு (2018), கிளைபோசேட்டுக்கும் நிணநீர்ப் புற்றுநோய்க்கும் தெளிவான தொடர்பைக் காணவில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2019ஆம் ஆண்டுக் கட்டுரையோ, மிக அதிகமாகப் புழங்கியவர்களுக்கு ஹாட்ஜ்கின் அல்லாத நிணநீர்ப் புற்றுநோய் (நிணநீர்ப் புற்றுநோயில் ஒரு பிரிவு) வரும் ஆபத்து 41 சதவீதம் கூடுதல் என்றது. அமெரிக்காவில் வாழ்நாளில் 100 பேரில் சுமார் 2 பேருக்கு இந்நோய் வருகிறது. 41 சதவீதம் கூடினாலும் அது 3ஐ எட்டாது. ஆபத்து இருந்தாலும் சிறியது, ஆனால் குறைத்துக்கொள்ளக் கூடியது என்பதே என் கருத்து.

எங்கே குறைப்பது? தோலில். தெளிப்பவர் உடம்புக்குள் இவை பெரும்பாலும் தோல் வழியாகத்தான் போகின்றன. தெளிக்கும்போது மட்டுமல்ல, தண்ணீர் கலக்காத மருந்தை டப்பாவிலிருந்து ஊற்றிக் கலக்கும் அந்தச் சில நிமிடங்களிலும் கவனம் வேண்டும். அப்போது நைட்ரைல் (ஒருவகைச் செயற்கை ரப்பர்) கையுறை கட்டாயம். துணிக் கையுறையும் தோல் கையுறையும் மருந்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். முழுக்கைச் சட்டை, ரப்பர் பூட்ஸ், கண்ணாடி போடுங்கள். தெளிப்பானின் அடைத்த மூக்கை வாயால் ஊதாதீர்கள். முதுகில் கசிந்தால் வேலையை அப்படியே நிறுத்தி, சட்டையைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்தத் துணியை வீட்டார் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம்.

பரிசோதனை இப்போது வேண்டாம். சிறுநீரில் மருந்தைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் அது சில நாட்களுக்குள் வெளியேறிவிடும் என்பதால் பழைய ஆண்டுகளைப் பற்றி எதுவும் தெரியாது. கழுத்திலோ அக்குளிலோ தொடை இடுக்கிலோ வலியில்லாத கட்டி இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் இருந்தால், காரணமின்றி எடை குறைந்தால், இரவில் துணி நனையும் அளவுக்கு வியர்த்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். என்ன மருந்து அடிக்கிறீர்கள் என்பதையும் மறக்காமல் அவரிடம் சொல்லுங்கள்.