வீட்டில் அச்சிடும் வாட்டர்ஸ்லைடு டெக்காலில் மை பரவாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

வாட்டர்ஸ்லைடு டெக்கால் என்பது நீரில் நனைத்ததும் தாளிலிருந்து வழுக்கி வந்து பொருளின் மேல் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய அச்சுப் படலம். அதை இங்க்ஜெட் பிரிண்டரில் அச்சிட்டு, நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சான கிளியர் ஸ்பிரே அடித்து, நீரில் போட்டதும் எழுத்தின் ஓரம் ஊதாவாகக் கசிகிறது, ஸ்பிரேயைக் கனமாக அடித்தும் நிற்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். கனமாக அடிப்பதை முதலில் நிறுத்துங்கள். கசிவு பெரும்பாலும் நீரில் தொடங்குவதில்லை. ஸ்பிரே அடிக்கும்போதே தொடங்கிவிடுகிறது, நீரில்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

ராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊரில், மரத்தில் சிறிய நாட்டுப்படகு மாதிரிகள் செய்கிறேன். விரல் அகலப் பலகையில் படகின் பெயரும் பதிவு எண்ணும் பிசிறில்லாமல் நிற்க வேண்டும் என்பதால் டெக்கால்தான் எனக்குக் கை கொடுக்கிறது. எங்கள் கடற்கரையில் இந்த வேலைக்கு முதல் எதிரி காற்றில் இருக்கும் ஈரம்.

இங்க்ஜெட் மையில் தண்ணீரும் சாயமும் மட்டும் இல்லை. பிரிண்டரின் நுண்துளைகள் காய்ந்து அடைத்துக்கொள்ளாமல் இருக்க கிளிசரின் போன்ற பொருள்களையும் சேர்க்கிறார்கள். அவை எளிதில் ஆவியாகாதவை, காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்பவை. டெக்கால் தாளின் மேல்படலம் மையைச் சாதாரணத் தாளைப் போல உள்ளே உறிஞ்சிக்கொள்வதும் இல்லை. அதனால் தொட்டால் காய்ந்ததுபோலத் தெரியும் அச்சு உள்ளே இன்னும் இளகித்தான் இருக்கும். அதன்மேல் ஸ்பிரே நனைய விழுந்தால் அதிலுள்ள கரைப்பான் மையை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. பல தாள்களில் அரை மணி நேரம் காயவைத்தால் போதும் என்று போட்டிருப்பார்கள். இங்கே அது போதாது. நான் ஒரு நாள் முழுக்க விடுகிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதற்குமேலும் விட்டு, ஹேர் டிரையரை எட்டப் பிடித்து இளஞ்சூட்டில் காட்டுகிறேன்.

மை குறைவாக விழுந்தால் காய்வதும் எளிது. பிரிண்டர் அமைப்பில் போட்டோ தாள், மேட் தாள் என்று மாற்றி மாற்றி ஒரு மூலையில் சோதனை அச்சு எடுங்கள். எதில் மை குளம் கட்டாமல், கறுப்பு மங்காமல் வருகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்லும் ஊதா ஓரம், பிரிண்டர் கறுப்பை மூன்று வண்ணங்களைக் கலந்து அடிக்கிறது என்பதற்கான அடையாளமாக இருக்கலாம். அப்படியானால் அங்கே மை கூடுதலாக விழும்.

அடுத்தது ஸ்பிரே. டப்பாவை 25 முதல் 30 செ.மீ. தள்ளிப் பிடியுங்கள். கையைத் தாளுக்கு வெளியிலிருந்து தொடங்கி மறுபுறம் வெளியே கொண்டுபோய் நிறுத்துங்கள். முதல் பூச்சு தாளைப் பளபளப்பாக்கவே கூடாது. சாய்த்துப் பார்த்தால் பொடிப்பொடியாகப் புள்ளிகள் தெரிய வேண்டும், அவ்வளவுதான். கால் மணி நேரம் கழித்து அதேபோல் இன்னொன்று. இந்த இரண்டும் மையைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் மூன்றாவதைச் சற்றுத் தாராளமாக அடிக்கலாம். தாளின் பின்புறம் ஸ்பிரே படக்கூடாது. பட்டால் நீர் ஊறாது, படலம் வழுக்காது.

நேரமும் முக்கியம். விடியற்காலையிலும் மாலையிலும் அடித்தால், கரைப்பான் ஆவியாகும்போது பூச்சு குளிர்ந்து காற்றின் ஈரம் அதில் படிகிறது, படலம் பால்போல் வெளுக்கிறது. வெயில் ஏறிய பின், பதினொரு மணிக்கு மேல் அடியுங்கள். மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெளியே வேண்டாம், மணல் வந்து ஒட்டும். ஜன்னல் திறந்த அறையில், ஓர் அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து அதற்குள் வைத்து அடிப்பது நல்லது.

இனி சோதனை. தாளோடு சேர்ந்து அச்சான ஒரு துண்டை வெட்டி, அச்சின் மேல் ஒரு சொட்டு நீர் விடுங்கள். ஒரு நிமிடம் கழித்து வெள்ளைத் துணியால் ஒற்றுங்கள். துணியில் நிறம் ஏறினால் இன்னொரு மெல்லிய பூச்சு தேவை. இதைப் பார்க்காமல் நல்ல டெக்காலை நீரில் போடாதீர்கள்.

எழுத்தை ஒட்டி வெட்டுவதும் கசிவுக்குக் காரணம். வெட்டிய ஓரத்தில் பூச்சு இல்லாததால் நீர் பக்கவாட்டில் நுழைகிறது. சுற்றிலும் 2 அல்லது 3 மி.மீ. வெறும் படலம் விட்டு வெட்டுங்கள். நீரிலும் ஊறப்போட வேண்டாம். அரை நிமிடம் முக்கி எடுத்து, தட்டில் வையுங்கள். பசை தானாக இளகும்.

மீதித் தாளை உறைக்குள் அப்படியே விடாதீர்கள். அடியில் இருக்கும் பசையும் ஈரம் இழுக்கும். மூடி இறுகும் பிஸ்கட் டின்னில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வைக்கிறேன்.

வெறும் பெயரும் எண்ணும் மட்டும்தான் வேண்டுமென்றால் நான் லேசர் பிரிண்டரைத்தான் சொல்வேன். அதன் டோனர் சூட்டில் உருகி ஒட்டும் பிளாஸ்டிக் பொடி, நீரில் கரையாது. லேசருக்கென்று விற்கும் டெக்கால் தாளை வாங்கி, லேசர் பிரிண்டர் வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடையில் கொடுங்கள். இங்க்ஜெட் தாளை அங்கே நீட்டிவிடாதீர்கள். சூட்டில் படலம் உருகி அவர்கள் இயந்திரத்தின் உருளையில் ஒட்டிக்கொள்ளக்கூடும்.