கல்லுக்குள் ஒரு கூன்வண்டு

ஐயா, வணக்கமுங்க. காங்கேயத்தில் கல் பட்டை தீட்டுவது எங்கள் தொழில். பர்மா அம்பர் (கல்லாகிப்போன பழைய மரப்பிசின்) ஒன்று கைக்கு வந்திருக்கிறது. உள்ளே மூக்கு நீண்ட சின்ன வண்டு, எங்கள் தோப்புத் தென்னையில் விழும் கூன்வண்டு மாதிரியே. புது இனமாக இருந்தால் எங்கள் அப்புச்சி பெயர் வைக்கலாமுங்களா? தீட்டிப் படம் அனுப்பட்டுமா?

வாசகர், காங்கேயம்

அன்புள்ள நண்பருக்கு,

தீட்ட வேண்டாம். ஆய்வாளர்களும் அம்பரைத் தீட்டுவார்கள்தான். ஆனால் வண்டின் பக்கவாட்டுக்கு நேரே தட்டையான ஒரு முகம் கிடைத்ததும் நிறுத்திவிடுவார்கள். மோதிரக் கல்போல உருட்டினால் வளைவு உருவத்தைத் திரித்துக் காட்டும், ஓரத்தில் இருக்கும் கால்நுனியும் தூளோடு போய்விடும்.

முதலில் கெட்டியான உப்புத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். அம்பர் மிதக்கும், கண்ணாடி மூழ்கும். கோபால் (copal) என்னும் இளம் மரப்பிசினும் மிதக்கும் என்பதால், வண்டுக்குத் தள்ளி ஓரத்தில் ஒரு சொட்டு அசிட்டோன் விடுங்கள். பிசுபிசுத்தால் அது அம்பர் இல்லை.

உங்கள் தோப்புக் கூன்வண்டைப் பிடித்து லென்ஸில் பாருங்கள். உணர்கொம்பு முழங்கைபோல மடங்கியிருக்கும். ஆணுக்கு மூக்கின்மேல் மயிர்க் கற்றை உண்டு. பழமையான மூக்கு வண்டுக் குடும்பங்களில் உணர்கொம்பு மடங்காமல் நேராக நிற்கும். ஏறத்தாழ 9.9 கோடி ஆண்டு பழைய பர்மா அம்பரில் இரண்டு வகையும் கிடைத்திருக்கின்றன. அதனால் "மாதிரியே இருக்கிறது" என்பது போதாது. கொம்பு மூக்கில் எங்கே பொருந்துகிறது, அதில் எத்தனை கணு, காலின் கணுக்கள் எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, அறிந்த இனங்களோடு ஒப்பிட்டு எழுதுவதுதான் விவரிப்பு. கல் கலங்கலாக இருந்தால் மைக்ரோ சிடி ஸ்கேன் கைகொடுக்கும். இதெல்லாம் முடிய மாதக்கணக்கில் ஆகும். எனக்கு இதைவிடப் பிடித்த வேலை வேறில்லை.

ஒரே ஒரு வண்டை வைத்தும் புது இனத்தை விவரிக்கலாம். அப்போது அந்தக் கல்லே மூலமாதிரி. நாளை யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அதைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும். எனவே அது பொது அருங்காட்சியகத்தில் இருக்க வேண்டும், உங்கள் பெட்டியில் அல்ல. கொடுக்க மனம் இருக்கிறதா என்று வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்.

ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள், கல் எப்போது வந்தது என்று கேட்பார்கள். அம்பர் எடுக்கும், பர்மாவின் (மியான்மரின்) கச்சின் பகுதியில் சண்டை ஓயவில்லை. அதனால் 2017-க்குப் பிறகு வெளிவந்த கற்களைப் பற்றிய கட்டுரைகளை ஏற்க வேண்டாம் என்று தொல்லுயிரியலாளர் சங்கம் ஒன்று 2020-ல் ஆய்விதழ்களைக் கேட்டுக்கொண்டது. அது நியாயம் என்றே நினைக்கிறேன்.

பெயர் வைப்பது விவரிப்பவரின் உரிமை. கல் கொடுத்தவர் கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். ஆண் பெயரென்றால் லத்தீன் முறைப்படி கடைசியில் 'இ' சேரும். பக்கத்தில் ஸ்கேல் வைத்து, தீட்டாத கல்லைப் படமெடுத்து அனுப்புங்கள். அப்புச்சியின் பெயரையும் எழுதுங்கள்.