பொதுச் சுகாதார நிறுவனங்களுக்கும் சமூக நல நிறுவனங்களுக்கும் உள்ள பொறுப்புகள் என்ன?

தடுப்பூசி போடுவதும் உதவித்தொகை வழங்குவதும் தவிர இந்நிறுவனங்களுக்கு வேறென்ன கடமை இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். தம்மிடம் வந்து சேராதவர்களைத் தேடிச் செல்வதே இரண்டுக்கும் முதற்கடமை என்பேன்.

1854-இல் லண்டனின் பிராட் தெருப் பகுதியில் காலரா பரவியபோது, ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் இறந்தவர்களின் வீடுகளில் விசாரித்து, அவர்களில் பெரும்பாலோர் ஒரே அடிகுழாயின் தண்ணீரைக் குடித்ததைக் கண்டறிந்தார். அவர் எடுத்துச் சொன்னபின் அதன் கைப்பிடி கழற்றப்பட்டது. நோய் அதற்குள் தணியத் தொடங்கியிருந்தது என்றாலும், வீடு தேடிச் சென்று விசாரிக்கும் அந்த முறை நிலைத்துவிட்டது. பெரியம்மை நோயாளிகளையும் இப்படித் தேடிக் கண்டுபிடித்து, அவர்களைச் சுற்றியிருந்தோருக்குத் தடுப்பூசி போட்டதன் பயனாகவே, அந்நோய் ஒழிந்ததென்று 1980-இல் அறிவிக்க முடிந்தது.

ஆனால் நோயாளியைக் கண்டுபிடித்ததோடு பொறுப்பு முடிவதில்லை. மருந்துக்குக் கட்டுப்படும் காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை ஆறு மாதம்: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் இரண்டு அல்லது மூன்று மருந்துகள். சில வாரங்களிலேயே இருமல் தணிந்து உடம்பு தேறிவிடுவதால், அன்றாடக் கூலியை விட்டுவிட்டு மருந்து வாங்க வர இயலாதவர் இடையில் நிறுத்திவிடக்கூடும். அரைகுறைச் சிகிச்சையோ மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளுக்கு வழிவிடுகிறது. இப்படி நிறுத்தியவரை 'டிஃபால்டர்', அதாவது கடமை தவறியவர், என்று பதிவேட்டில் குறிப்பது நெடுநாள் வழக்கம். உலகச் சுகாதார நிறுவனம் 2013-இல் அச்சொல்லைக் கைவிட்டு, தொடர்பு விட்டுப்போனவர் என்று பொருள்படும் சொல்லை ஏற்றது. அது மிகவும் சரியான மாற்றம். விசாரிக்காமலே நோயாளியைக் குற்றவாளியாக்கும் சொல் அந்தப் பழைய சொல்.

அவருக்கு இழந்த கூலிக்கு ஈடும், சத்தான உணவும், போக்குவரத்துச் செலவும் கிடைக்கச் செய்வது சமூக நல நிறுவனத்தின் வேலை. இவை இல்லாமல் மருந்து மட்டும் இலவசமாகக் கிடைத்துப் பயனில்லை. இந்த இடத்தில்தான் இரு துறைகளுக்கும் நடுவே மனிதர்கள் தவறி விழுகிறார்கள். என் தந்தையின் சிகிச்சைக் காலத்தில் பரிந்துரைக் கடிதம் ஒன்றை வைத்துக்கொண்டு மூன்று அலுவலகங்களுக்கு அலைந்தேன். ஒவ்வொரு மேசையிலும் மரியாதையாகவே பேசினார்கள். பொறுப்பேற்க மட்டும் யாருமில்லை. கடிதம் எழுதிக் கொடுத்த அலுவலரே, உதவி கைக்குக் கிடைத்ததா என்று விசாரித்து, கிடைக்கும்வரை அந்தக் கோப்பை மூடாமல் வைத்திருக்க வேண்டும் என்று அன்றிலிருந்து உறுதியாக நம்புகிறேன்.

இரு துறைகளும் இப்படிச் சேர்ந்து இயங்கும்போது நோயாளியின் ரகசியத்தைக் காப்பதும் அவற்றின் கடமையாகிறது. கூலி ஈட்டை வழங்கும் அலுவலகத்துக்கு, இன்னார் இத்தனை நாள் வேலைக்குச் செல்ல இயலாதவர் என்ற சான்று போதும். நோயின் பெயர் தேவையில்லை. அந்தப் பெயர் வேலை கொடுப்பவர் காதுக்கோ அக்கம்பக்கத்தார் காதுக்கோ எட்டிவிட்டால், அதே தெருவில் இருமிக்கொண்டிருக்கும் இன்னொருவர் பரிசோதனைக்கே வரமாட்டார்.