ஆச்சியின் நான்கு ஸ்டாண்டுகள்

அன்புள்ள அண்ணாச்சி,

எங்கள் ஆச்சி தவறி இரண்டு வருஷம் ஆகிறது. போன மாதம் தூத்துக்குடிப் பக்கம் நாசரேத் ஊரில் இருந்த வீட்டைக் காலி செய்தபோது, கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டியில் பழைய சேலையில் சுற்றிய நான்கு மெழுகுவத்தி ஸ்டாண்டுகள் கிடைத்தன. இரண்டு பித்தளை. ஒன்று வெள்ளி மாதிரி, கறுத்துப்போயிருக்கிறது, அடியில் இ.பி.என்.எஸ். என்று எழுத்து. நாலாவது கண்ணாடி. பித்தளையில் ஒன்றுக்கு அடியில் ஒரு பொத்தான் லொடலொட என்று ஆடுகிறது, உடைசல் போல. எல்லாம் வெள்ளைக்கார ஐயர், அதாவது பாதிரியார், கொடுத்தது என்று ஆச்சி சொல்வாள். கிறிஸ்துமஸ் சாப்பாட்டு மேசையில் வைக்க ஆசை. பாத்திரக்கடையில் பஃபிங் போட்டுப் புதுசாக்கித் தருகிறேன் என்கிறார்கள். கொடுக்கலாமா? நான்கும் நாலு தினுசாக இருப்பது அசிங்கமாக இருக்குமா?

ஒரு வாசகி, சென்னை

அன்புள்ள தங்கச்சி,

கொடுக்க வேண்டாம். நான் கொடுத்துப் பட்டவன். எங்கள் தாத்தாவின் பித்தளை ஸ்டாண்ட் ஒன்றை பஃபிங்குக்குக் கொடுத்தேன், தங்கம் மாதிரி திரும்பி வந்தது, வீட்டுக்கு வந்து கவிழ்த்துப் பார்த்தால் அடியில் உளியால் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்த அவருடைய இனிஷியலும் வருஷமும் காணோம். அந்த பஃபிங் சக்கரம் அழுக்கை மட்டும் எடுப்பதில்லை, மேல்தோலையே சீவிவிடுகிறது. விளிம்பெல்லாம் தேய்ந்த சோப்புக்கட்டி மாதிரி ஆகிவிட்டது. கடைக்காரரைக் குறை சொல்லவும் முடியாது, பளபளப்பு வேண்டும் என்று கேட்டதே நான்தான்.

அப்புறம் அந்தப் பொத்தான். அது உடைசல் இல்லை. மெழுகுவத்தி எரிந்து எரிந்து கடைசியில் ஒரு கட்டை குழிக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும் இல்லையா, அதை அடியிலிருந்து விரலால் தள்ளி மேலே கொண்டுவரத்தான் உள்ளே ஒரு கம்பி ஓடுகிறது. மிச்சத்தையும் எரித்துவிடலாம், குழியும் சுத்தமாகிவிடும். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பித்தளை ஸ்டாண்டுகளில் இது சகஜம். அதனால் உங்களுடையதும் அந்தக் காலத்தது என்று நான் சொல்ல வரவில்லை, அதே அமைப்பில் பின்னாலும் செய்து விற்றிருக்கிறார்கள். தள்ளும்போது அசையாமல் நின்றால் உள்ளே பழைய மெழுகு இறுகியிருக்கும். வெந்நீரில் கொஞ்ச நேரம் நிற்க வையுங்கள், இளகிவிடும். கத்தியால் மட்டும் சுரண்டாதீர்கள்.

பித்தளைக்கு ஆச்சி என்ன போட்டிருப்பாள்? புளியும் உப்பும்தான். அதையே போடுங்கள், ஆனால் தேய்த்த கையோடு கழுவித் துடைத்துவிட வேண்டும். ஊறட்டும் என்று விட்டால் புளிப்பு பித்தளையில் உள்ள துத்தநாகத்தை அரித்துவிடும், செம்பு மட்டும் மேலே நின்று அங்கங்கே ரோஸ் கலரில் திட்டு விழும். செதுக்கல் இடுக்கில் கறுப்பு கொஞ்சம் இருந்துவிட்டுப் போகட்டும். அது இருந்தால்தான் பூவேலையே கண்ணுக்குத் தெரியும்.

இ.பி.என்.எஸ். ஸ்டாண்டைப் புளி, சாம்பல், பற்பசை எதன் பக்கமும் கொண்டுபோகாதீர்கள். அது வெள்ளி இல்லை. செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றும் கலந்த உலோகத்தின் மேல் மின்சாரத்தால் ஏற்றிய மெல்லிய வெள்ளி முலாம், அவ்வளவுதான். தேய்க்கத் தேய்க்க முலாம் போய், உள்ளே இருக்கும் உலோகம் லேசான மஞ்சள் சாயலோடு எட்டிப் பார்க்கும். சோப்புத் தண்ணீர், பழைய பனியன் துணி, வெள்ளிக்கென்றே விற்கும் பாலிஷ் ஒரு சொட்டு. போதும். தூக்கிப் பார்த்தால் உருவத்துக்கு மிஞ்சிய கனம் இருக்கிறதா? அப்படியென்றால் சாயாமல் நிற்பதற்காக அடிப்பாகத்தில் பிளாஸ்டரோ கீலோ நிரப்பியிருக்கலாம். அதைத் தண்ணீரில் முக்கவே கூடாது.

கண்ணாடிக்கு வெதுவெதுப்பான தண்ணீர் மட்டும், கொதிநீர் ஊற்றினால் டப்பென்று விரிசல் விடும். ஏற்றும்போதும் அடிவரை எரிய விடாதீர்கள், இரண்டு விரல் உயரம் இருக்கும்போதே ஊதிவிடுங்கள்.

நாலு தினுசு என்று கூச்சப்படுகிறீர்கள். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. நாலு என்றதும் அட்வென்ட் ஞாபகம் வரவில்லையா? கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு ஞாயிறு, வாரத்துக்கு ஒரு மெழுகுவத்தியாகக் கூட்டி ஏற்றுவது. வழக்கமாக வைக்கிற இலை வளையத்தில்தான் வைக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. 1839இல் ஹாம்பர்க்கில் ஏழைப் பிள்ளைகளுக்கான விடுதி நடத்திய விக்கெர்ன் என்ற லுத்தரன் போதகர், கிறிஸ்துமஸ் எப்போ எப்போ என்று பிள்ளைகள் நச்சரித்ததால், ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவத்தியும் மற்ற நாட்களுக்குச் சின்னச் சிவப்பு மெழுகுவத்தியும் நிறுத்தி ஏற்றியதுதான் இந்த வழக்கத்துக்குத் தொடக்கம் என்பார்கள். வண்டிச் சக்கரத்துக்கு ஆச்சியின் ஸ்டாண்டுகள் என்ன குறைச்சல்? ஒரு பெரிய தாம்பாளத்தில் நாலையும் நிறுத்துங்கள். மெழுகுவத்தி மட்டும் ஒரே நிறமாக இருந்தால் தானாக ஒரு ஒழுங்கு வந்துவிடும்.

மளிகைக்கடை மெழுகுவத்தி பழைய குழிகளுக்கு ஒல்லி, ஆடும். அலுமினியத் தாளைப் பட்டையாகக் கிழித்து அடியில் சுற்றிச் செருகினால் இறுகி நிற்கும். இனி முக்கியமான விஷயம், ஃபேன். ஃபேன் ஓடினால் சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்து மெழுகு பிரியாணித் தட்டில் வழியும். சென்னையில் டிசம்பரில்கூட ஃபேன் இல்லாமல் முழுச் சாப்பாடு முடியுமா என்பது சந்தேகம்தான். ஜெபம் முடிந்து பரிமாறும்வரை எரியட்டும், அப்புறம் ஊதிவிட்டு ஃபேனைப் போடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

வெள்ளைக்கார ஐயர் விஷயத்துக்கு வருகிறேன். நாசரேத் என்றால் அங்கே இருந்த மிஷனரி மர்காஷிஸ் ஐயரைத்தான் சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறேன். அவர் அங்கே ஊழியம் செய்தது 1876 முதல் 1908 வரை. ஸ்டாண்டுகளைக் கவிழ்த்துப் பாருங்கள். ‘இங்கிலாந்து’ என்று மட்டும் பொறித்திருந்தால் ஆச்சி சொன்னதற்கு இடம் இருக்கிறது. அமெரிக்காவுக்குப் போகும் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று 1891 முதல் சட்டம் வந்தபின் அப்படிப் பொறிப்பது பரவியது. ‘மேட் இன் இங்கிலாந்து’ என்று முழுசாக இருந்தால் பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டுச் சரக்கு, அப்போது கதை கொஞ்சம் இடிக்கும். ஒன்றுமே இல்லையென்றால் ஆச்சியை நம்புவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

படம் அனுப்புங்கள், மேசையில் வைத்து எடுத்தது ஒன்று, கவிழ்த்து அடி தெரிய எடுத்தது ஒன்று. எனக்கு இரண்டாவதுதான் அவசரம்.