பால் மட்டும் போதும் என்கிறாள்!

கேள்வி: என் மகளுக்கு மூன்று வயது. தினமும் நான்கு டம்ளர் பால் குடிக்கிறாள். இட்லி, பருப்பு சாதம் எதையும் தொடுவதில்லை. காயைக் கண்டாலே வாயை இறுக மூடிக்கொள்கிறாள். செல்போனைக் காட்டினால்தான் நாலு வாய் இறங்குகிறது. என்ன செய்வது?
- வாசகி, கரூர்

பதில்: முதலில் பாலைக் குறையுங்கள். நான்கு டம்ளர் என்றால் ஏறக்குறைய 800 மி.லி. வயிறு அதிலேயே நிறைந்துவிடும், பிறகு பசி எங்கிருந்து வரும்? பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. அதனால் ரத்தசோகை வரலாம். வந்தால் பசி இன்னும் மந்தமாகும். இந்த வயதுக்கு நாளொன்றுக்கு 400 மி.லி. தாராளம். சாப்பாட்டுக்கு முன் தரும் பாலை முதலில் நிறுத்துங்கள்.

அடுத்து, இடைவெளி. இரண்டு வேளைக்கு நடுவே இரண்டரை மணி நேரம் தண்ணீர் மட்டும். அழுகிறாளே என்று தரும் இரண்டு பிஸ்கட்டே பசியைக் கெடுத்துவிடும்.

தட்டில் நெய் விட்ட பருப்பு சாதம் இரண்டு கரண்டி, ஓரத்தில் விரல் நீளத்துக்கு வேகவைத்த கேரட் ஒன்று. தொட்டுப் பார்க்கட்டும், நசுக்கட்டும், துப்பினாலும் திட்டாதீர்கள். ஒரு காய் பழக 10, 15 முறைகூட ஆகலாம். பல வீடுகளில் மூன்றாம் முறையே கைவிட்டுவிடுகிறார்கள். 20 நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். சாப்பிடவில்லையே என்று பால் ஆற்றித் தந்தால் பட்ட பாடெல்லாம் வீண். பாட்டி, தாத்தாவிடமும் சொல்லி வையுங்கள்.

செல்போன் வேண்டவே வேண்டாம். அதைப் பார்த்தபடி விழுங்கும் குழந்தைக்குப் பசியும் தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது.

எடை ஏறாவிட்டாலோ, முகம் வெளிறினாலோ, மண், சாக்பீஸ் தின்றாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டி ஹீமோகுளோபின் பாருங்கள்.