மறு: கம்ப்ரசர் மென்பொருளில் குரல் அமிழ்கிறது

காரைக்குடி வீட்டு வளவில் (நடு முற்றத்தில்) ஆச்சி பாடிய தாலாட்டை எல்ஏ-2ஏ என்ற பழைய கம்ப்ரசர் (ஒலியின் ஏற்ற இறக்கத்தை அமுக்கிச் சமன்படுத்தும் கருவி) போலச் செய்யும் மென்பொருளில் ஓட்டினால் எதிரொலிதான் மேலே வருகிறது, அசல் கருவியை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். அந்தக் கருவியின் உயிர், ஒளிரும் தகடும் ஒளியுணரும் மின்தடையும் சேர்ந்த டி4 செல். அமுக்கத்தில் பாதியை ஏறக்குறைய 60 மில்லி வினாடியில் விடும். மீதியை விடச் சில வினாடிகள் இழுக்கும். நல்ல மென்பொருள் இந்த இழுப்பை நம்பும்படியே செய்கிறது. செல் பழசாகிவிட்டால் அசல் கருவிகளே ஒன்றுபோல் ஒலிப்பதில்லை.

உங்கள் சிக்கல், ஒலியைத் திருப்பி அனுப்பும் ஆத்தங்குடித் தரைக் கல்லும் வழுவழுப்பான சுண்ணாம்புச் சுவரும். உரத்த குரலை அமுக்கி மொத்த ஒலியையும் உயர்த்தினால் மெல்லிய எதிரொலி எழும்பத்தான் செய்யும், அசலிலும். ஜமுக்காளம் விரித்து, மைக்கை ஒரு சாண் தூரத்தில் வைத்து ஆச்சியை மறுபடி பாடச் சொல்லுங்கள். மென்பொருளுக்குள் போகும் சராசரி அளவு -18 dBFS-ஐ (டிஜிட்டல் உச்ச அளவுக்கு 18 டெசிபல் கீழே) ஒட்டி இருக்கட்டும்.