கொடுத்த கடனை மீட்க அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போகலாமா?

கேள்வி: நான் இந்தியக் குடிமகன். எச்1பி விசாவில் நியூ ஜெர்சியில் பணிபுரிகிறேன். டெக்சஸில் வசிக்கும் கல்லூரி நண்பருக்கு 82,000 டாலர் கடன் கொடுத்து, அவர் கையெழுத்திட்ட கடன் பத்திரமும் வாங்கி வைத்திருக்கிறேன். அவரும் இந்தியக் குடிமகன்தான். கிரீன் கார்டு வைத்திருக்கிறார். கெடு முடிந்து ஓராண்டாகியும் பணம் வரவில்லை. கூட்டாட்சி நீதிமன்றம்தான் பெரிய கோர்ட் என்பதால் நேரே அங்கு வழக்குப் போடும்படி சிலர் சொல்கிறார்கள். போடலாமா? மாநில நீதிமன்றத்தில் தோற்றால் கூட்டாட்சி நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய முடியுமா?

பதில்: இரண்டுமே முடியாது. ஏன் என்பதை நீங்கள் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்திய நீதிமன்றங்களைப் பார்த்துப் பழகிய நம்மவர்கள் பலர் இந்த இடத்தில்தான் பணத்தையும் காலத்தையும் இழக்கிறார்கள்.

இந்தியாவில் முன்சீப் கோர்ட்டில் தொடங்கும் வழக்கு மாவட்ட நீதிமன்றம், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று ஒரே ஏணியில் ஏறுகிறது. நாடாளுமன்றம் இயற்றிய சட்டமானாலும் சட்டமன்றம் இயற்றிய சட்டமானாலும் விசாரிப்பது அதே நீதிமன்றங்கள்தான். அமெரிக்காவில் ஏணிகள் இரண்டு. ஒவ்வொரு மாநிலத்துக்கும் அடி முதல் உச்சி வரை தனி நீதிமன்ற அமைப்பு உண்டு. அதற்குப் பக்கத்தில், அதற்கு மேலே அல்ல, கூட்டாட்சி அரசின் ஏணி நிற்கிறது: விசாரணை நடத்தும் மாவட்ட நீதிமன்றங்கள் 94, மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் 13, உச்சியில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்றம். பெயர்களும் குழப்பும். டெக்சஸில் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றங்கள் நான்கு இருக்க, அந்த மாநிலத்தின் சொந்த விசாரணை நீதிமன்றங்களுக்கும் மாவட்ட நீதிமன்றம் என்றே பெயர். ஆகவே கைக்கு வரும் தாளின் தலைப்பில் ‘யுனைடெட் ஸ்டேட்ஸ்’ என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கூட்டாட்சி நீதிமன்றம் எல்லா வழக்கையும் எடுக்காது. தனியார் இருவருக்கு இடையிலான சிவில் வழக்கு அங்கே நுழையப் பெரும்பாலும் இரண்டு வழிகளே உண்டு. வழக்கு கூட்டாட்சிச் சட்டத்திலிருந்து எழுந்ததாக இருக்க வேண்டும் என்பது ஒன்று. காப்புரிமை, வேலையிடப் பாகுபாடு போன்றவை இவ்வழியில் வருகின்றன. கடன் பத்திரத்தின்படி பணம் கேட்பது மாநில ஒப்பந்தச் சட்டத்தைச் சேர்ந்தது என்பதால் உங்களுக்கு இந்த வழி இல்லை.

மற்றொன்று வாதியும் பிரதிவாதியும் வெவ்வேறு மாநிலக் குடிமக்களாகவோ, ஒருவர் அமெரிக்கர், மற்றவர் வெளிநாட்டவர் என்றோ இருப்பது. வட்டியும் வழக்குச் செலவும் சேர்க்காமல் தொகை 75,000 டாலரைத் தாண்டவும் வேண்டும். உங்கள் தொகை தாண்டுகிறது; நீங்கள் நியூ ஜெர்சியிலும் அவர் டெக்சஸிலும் இருக்கிறீர்கள். இதை வைத்துத்தான் உங்கள் நண்பர்கள் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இங்கே கணக்கில் வருவது குடியுரிமை. வசிப்பிடம் மட்டும் போதாது. கிரீன் கார்டு நிரந்தரமாகத் தங்கும் உரிமையைத் தருகிறதே தவிர, அவரை அமெரிக்கக் குடிமகன் ஆக்குவதில்லை. சட்டத்தின் கண்ணில் நீங்கள் இருவரும் வெளிநாட்டவர். இரு தரப்பும் வெளிநாட்டவராக இருக்கும் வழக்குக்கு இந்த வழி திறக்காது என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1809லேயே சொல்லிவிட்டது. நீங்கள் வழக்குப் போடும் நாளுக்கு முன்பே அவர் குடியுரிமை பெற்றுவிட்டால் நிலைமை மாறும். போட்ட பிறகு பெற்றால் மாறாது.

பிரதிவாதி ஆட்சேபிக்காவிட்டால் விசாரணை நடந்துவிடாதா என்று கேட்பீர்கள். அந்த ஆபத்தை மட்டும் விலைக்கு வாங்க வேண்டாம். இவ்வகை அதிகார வரம்பு இரு தரப்பும் சம்மதித்து உண்டாக்கக் கூடியதல்ல. எந்தக் கட்டத்திலும் நீதிபதி தாமாகவே வழக்கைத் தள்ளலாம். 1804இல் முடிவான கேப்ரன் வழக்கில், கூட்டாட்சி நீதிமன்றத்தை நாடிச் சென்ற வாதியே அங்கே தோற்றபின், அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரமே இருந்ததாக ஆவணத்தில் காட்டப்படவில்லை என்று உச்ச நீதிமன்றத்தில் வாதிட்டு அந்தத் தீர்ப்பை ரத்து செய்ய வைத்தார். நீங்கள் ஜெயித்தாலும் உங்கள் தீர்ப்புக்கு இதே கதி நேரலாம்.

இனி மேல்முறையீடு. மாநில நீதிமன்றத் தீர்ப்பைத் திருத்தும் அதிகாரம் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்துக்குக் கிடையாது. 1923, 1983 ஆகிய ஆண்டுகளில் வந்த இரு தீர்ப்புகள் இதை உறுதி செய்துள்ளன. மாநில ஏணியின் உச்சி வரை ஏறி முடித்தபின், கூட்டாட்சிச் சட்டமோ அரசமைப்போ சம்பந்தப்பட்ட கேள்வி இருந்தால் மட்டும், 90 நாட்களுக்குள் வாஷிங்டனில் உள்ள உச்ச நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். நம் ஊர்ச் சிறப்பு அனுமதி மனுவைப் போல அதை ஏற்பது நீதிமன்றத்தின் விருப்பம். ஒன்பது பேரில் நால்வராவது ஏற்க வேண்டும். கடன் வழக்கில் அப்படிப்பட்ட கேள்வி எழுவது மிக அரிது.

ஆகையால் டெக்சஸ் மாநில நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பதே உங்களுக்குப் பாதுகாப்பான வழி என்பது என் கருத்து. நியூ ஜெர்சியிலேயே போடுவது உங்களுக்கு வசதியாகத் தோன்றலாம். ஆனால் அங்கே வசிக்காத ஒருவர்மீது அம்மாநில நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டா என்ற தனிச் சண்டையில் மாதங்கள் கழியும், வென்ற பிறகும் அவர் சொத்தும் சம்பளமும் இருக்கும் டெக்சஸுக்குத்தான் தீர்ப்பைக் கொண்டு போக வேண்டும். அங்கே கடன் வழக்குக்குப் பொதுவாக நான்கு ஆண்டு காலவரம்பு. ஓராண்டு ஏற்கெனவே போய்விட்டது. பேசிப் பார்க்கலாம் என்று இன்னும் தள்ளிப்போடாமல், டெக்சஸில் உரிமம் பெற்ற வழக்கறிஞரிடம் மூலப் பத்திரத்தையும் வங்கிப் பரிமாற்ற விவரங்களையும் காட்டுங்கள்.

ஒரே ஒரு சூழலில் நீங்கள் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குள் போக நேரலாம்: நண்பர் திவால் மனு கொடுத்தால். திவால் வழக்குகள் கூட்டாட்சி ஏணிக்கு மட்டுமே உரியவை. மனு தாக்கலானதுமே வசூல் முயற்சிகள் எல்லாவற்றுக்கும் தானாகத் தடை விழும். டெக்சஸ் வழக்கும் நிற்கும், பணம் கேட்டு நீங்கள் அவரைத் தொலைபேசியில் அழைப்பதும் தவறாகும். வரும் அறிவிப்பைப் பிரிக்காமல் வைத்துவிடாதீர்கள். சம்பளக்காரர்கள் தவணையில் கடனடைக்கும் 13ஆம் அத்தியாயத்தின் கீழ் அவர் மனு கொடுத்திருந்தால், மனு தாக்கலான நாளிலிருந்து 70 நாட்களுக்குள் உங்கள் கடன் கோரிக்கையை அந்தத் திவால் நீதிமன்றத்தில் பதிவு செய்தாக வேண்டும்.